நியாயப்பிரமாணத்தை என்ன செய்வது? ஒரு விசுவாசியின் முன் இருக்கும் வழிகள்

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் மோசேயின் நியாயப்பிரமாணம், அதாவது பழைய ஏற்பாட்டில் மோசே வழியாக இஸ்ரவேலுக்குக் கொடுக்கப்பட்ட சட்டம், துண்டு துண்டாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. ஆட்டு ரத்தப் பொரியலை "நமக்கு ஆகாது" என்று ஒதுக்கும் சில வீடுகளில் பன்றிக்கறி தயக்கமில்லாமல் வேகும். சம்பளம் வந்த அன்றே பத்தில் ஒன்றை எடுத்து வைப்பவர், வேதாகமத்தின் ஏழாம் நாள் சனிக்கிழமை என்பதை யோசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பச்சை குத்துவது தவறு என்பதற்கு லேவியராகமம் 19:28-ஐ எடுத்துக் காட்டுபவர், தாடியின் ஓரங்களைக் கத்தரிக்கக் கூடாது என்று சொல்லும் முந்தின வசனத்தைத் தாண்டிப் போய்விடுவார். ஏன் என்று கேட்டால், "நாம் கிருபையின் கீழ் இருக்கிறோமே" என்பது பதில்.

இதை மாய்மாலம் என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டி செய்தார், அம்மா செய்தார், நாமும் செய்கிறோம். எந்தக் கற்பனை (கட்டளை) எந்த வழியாக வீட்டுக்குள் வந்தது என்று யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் இன்று அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. ஞாயிறு ஆராதனையில் ஒரு பிரசங்கம், வீட்டுக் கூட்டத்தில் இன்னொன்று, கைப்பேசியில் வேறொன்று. ஓய்வுநாளை மாற்ற மனிதனுக்கு அதிகாரம் இல்லை என்கிறார் ஒருவர். தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான் என்கிறார் அடுத்தவர். கொடுப்பதே நுகத்தடிக்குள் திரும்புவது என்கிறார் மூன்றாமவர். மூவர் கையிலும் ஒரே வேதாகமம். கேட்டுக்கொண்டிருக்கும் விசுவாசி ஏதாவது ஒரு முடிவுக்கு வரத்தான் வேண்டும். சபை வரலாற்றில் இதற்குச் சொல்லப்பட்ட முக்கியமான பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எது எனக்கு நிற்பதாகத் தெரிகிறது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் எந்தப் பதிலும், நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டு இரட்சிப்பைச் சம்பாதிக்கலாம் என்று சொல்லவில்லை. கலாத்தியர் நிருபம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. இரட்சிக்கப்பட்ட ஒருவர் எப்படி வாழ வேண்டும், அதில் மோசேக்கு என்ன இடம் என்பதுதான் கேள்வி. அதேபோல இரண்டு ஓரங்களையும் விட்டுவிடலாம். பழைய ஏற்பாட்டின் தேவனே வேறு என்று சொன்ன மார்சியோனை ரோமாபுரி சபை 144-ஆம் ஆண்டு வாக்கிலேயே வெளியே அனுப்பிவிட்டது. மோசேயின் தண்டனைச் சட்டங்களையே இன்றைய அரசுகள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 1970-களில் அமெரிக்காவில் ரஷ்தூனி முதலானோர் எழுதினார்கள். அதைச் சீர்திருத்த சபைகளிலேயே பெரும்பாலோர் ஏற்கவில்லை.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், புதிய ஏற்பாடே இரண்டு குரலில் பேசுவதுபோலக் கேட்கிறது. "அழிக்கிறதற்கு அல்ல, நிறைவேற்றுகிறதற்கே வந்தேன்" என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொல்கிறார். ரோமர் 7-இல் பவுல் கற்பனையைப் பரிசுத்தமும் நீதியும் நன்மையும் உள்ளது என்கிறார். அதே நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்திலோ நாம் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல என்கிறார். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

மூன்றாகப் பிரிக்கும் வழி

நம்மில் பலர் பெயர் தெரியாமலே பின்பற்றும் வழி இது. நியாயப்பிரமாணத்தில் ஒழுக்கக் கற்பனைகள், ஆராதனைச் சடங்குகள், இஸ்ரவேல் தேசத்தின் நீதிச் சட்டங்கள் என்று மூன்று வகை உண்டு. சடங்குகள் கிறிஸ்துவில் நிறைவேறிவிட்டன. நீதிச் சட்டங்கள் அந்தத் தேசத்தோடு முடிந்தன. ஒழுக்கக் கற்பனைகள், அதாவது பத்துக் கற்பனைகளும் அவற்றைச் சார்ந்தவையும், எக்காலத்துக்கும் உரியவை. 13-ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் இந்தப் பிரிவை விரிவாக எழுதினார். கால்வின் எடுத்துக்கொண்டார். 1646-இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை 19-ஆம் அதிகாரத்தில் இதை அறிக்கையாகவே வைத்தது. ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் ஏழாவதும் இதையே சொல்கிறது. 1552 முதல் ஆங்கிலிக்கன் திருவிருந்து ஆராதனையில் பத்துக் கற்பனைகளும் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் சபையார் இரக்கம் கேட்டு ஜெபிப்பார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் திடப்படுத்தல் வகுப்பில் கற்பனைகளை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும்.

இதன் பலம் பெரியது. ஒரு பிள்ளைக்குக்கூட ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கலாம். ஆட்டுக்கடா பலியும் "கொலை செய்யாதிருப்பாயாக" என்பதும் ஒரே தட்டில் இல்லை என்று எவருக்கும் மனதில் படும். நியாயப்பிரமாணத்தில் முக்கியமானவை உண்டு, அவை நீதியும் இரக்கமும் விசுவாசமும் என்று மத்தேயு 23:23-இல் இயேசுவே தரம் பிரிக்கிறார்.

ஆனால் லேவியராகமம் 19-ஐத் திறந்து வைத்துக்கொண்டு இந்தப் பிரிவைப் போட்டுப் பாருங்கள். 18-ஆம் வசனம் பிறனிடத்தில் அன்புகூரச் சொல்கிறது. அடுத்த வசனம் வயலில் இரண்டு வித விதைகளைக் கலந்து விதைக்காதே, இரண்டு வித நூல் கலந்த துணியை உடுத்தாதே என்கிறது. நடுவில் ஒரு கோடும் இல்லை. மூன்றாம் வசனத்தில் தாய் தகப்பனுக்குப் பயந்திருப்பதும் ஓய்வுநாளை ஆசரிப்பதும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. பவுலும் யாக்கோபும் நியாயப்பிரமாணத்தை ஒரே மூட்டையாகத்தான் பேசுகிறார்கள்: விருத்தசேதனம் பண்ணிக்கொள்கிறவன் முழுவதையும் நிறைவேற்றக் கடனாளி (கலாத்தியர் 5:3), ஒன்றில் தவறினால் எல்லாவற்றிலும் குற்றவாளி (யாக்கோபு 2:10). பத்துக் கற்பனைகளுக்குள்ளேயே ஓய்வுநாள் இருக்கிறது. அது மாறாத ஒழுக்கக் கற்பனை என்றால் நாள் எப்படி மாறியது? வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை ஏழில் ஒரு நாள் என்பதுதான் நிலையானது, உயிர்த்தெழுதலால் நாள் மாறியது என்று விளக்குகிறது. விளக்கம் மதிக்கத்தக்கதுதான். ஆனால் வசனம் "ஏழில் ஏதோ ஒன்று" என்று சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் சனிக்கிழமையை ஆசரிப்பவர்கள் சரியாகப் பிடிக்கிறார்கள்.

எல்லாம் முடிந்தது என்னும் வழி

இரண்டாவது பதில் கத்தி மாதிரி நேர்கோட்டில் வெட்டுகிறது. நியாயப்பிரமாணம் இஸ்ரவேலுக்குக் கொடுக்கப்பட்டது. கிறிஸ்து வந்ததும் முழுவதும் முடிந்தது. பத்துக் கற்பனைகள் உட்பட மோசேயின் எந்தக் கட்டளையும் சபையின்மேல் அதிகாரம் செலுத்தாது. அப்போஸ்தலர்கள் திரும்பச் சொன்னவை மட்டும், அவர்கள் சொன்னதால், நம்மைக் கட்டும். 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி போன்றவர்கள் மூலம் பிரதரன் சபைகளிலும், 1909-இல் வெளியான ஸ்கோஃபீல்டு வேதாகமக் குறிப்புகள் மூலம் உலகெங்கும் இந்த வாசிப்பு பரவியது. தமிழ்நாட்டில் பிரதரன் சபைகளைத் தாண்டிப் பல பெந்தெகொஸ்தே மேடைகளிலும் இதன் சாயலைக் கேட்கலாம்.

கலாத்தியர், எபிரெயர் நிருபங்களின் எடை முழுவதும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நியாயப்பிரமாணம் கிறிஸ்துவினிடத்தில் வழிநடத்துகிற உபாத்தியாய் இருந்தது, விசுவாசம் வந்தபின் நாம் உபாத்திக்குக் கீழானவர்கள் அல்ல என்று பவுல் சொல்வதை எந்தப் பிரிவினையும் செய்யாமல் அப்படியே எடுத்துக்கொள்கிறவர்கள் இவர்கள்தான். பயத்தில் வாழும் மனச்சாட்சிக்கு இந்தப் போதனை மருந்து. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. "திரும்பச் சொன்னது மட்டும்" என்ற அளவுகோலை நிஜமாகவே வைத்தால், யாத்திராகமம் 21:33 போன்ற வசனம் நமக்கு ஒன்றும் சொல்லாது. ஒருவன் குழியை வெட்டி அதை மூடாமல் விட்டு, அதிலே ஒரு மாடோ கழுதையோ விழுந்தால், குழிக்கு உடையவன் ஈடு செய்ய வேண்டும் என்கிறது அது. புதிய ஏற்பாட்டில் இது எங்கும் திரும்ப வரவில்லை. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து, நான்கு நாட்கள் தமிழகமே உறங்காமல் இருந்ததே, அதற்குப் பிறகு இந்த வசனத்தை "இஸ்ரவேலுக்குச் சொன்னது" என்று எப்படித் தாண்டிப் போவது? வெட்டியவன் மூட வேண்டும் என்பது தேவனுடைய மனதில் உள்ளது. மாட்டுக்கே ஈடு கேட்டவர் குழந்தைக்கு என்ன கேட்பார்?

இன்னொரு குறையைக் கொஞ்சம் வருத்தத்தோடு சொல்கிறேன். கட்டளைகளைக் கழற்றிவிட்ட பலர் வாக்குத்தத்தங்களைக் கழற்றுவதில்லை. புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் உபாகமம் 28:13 அடிக்கடி வரும்: கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார். வீட்டுச் சுவரில், கடைக் கல்லாவுக்கு மேலே, வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். அந்த வசனத்தின் மீதிப் பாதி, கற்பனைகளுக்குச் செவிகொடுத்து நடந்தால் என்ற நிபந்தனை, அட்டையில் அச்சாவதில்லை. அதே அதிகாரத்தின் 15-ஆம் வசனத்திலிருந்து வரும் சாபங்களையும் யாரும் அச்சிடுவதில்லை. நியாயப்பிரமாணம் முடிந்தது என்றால் அதன் 28-ஆம் அதிகாரமும் சேர்ந்துதான் முடிந்தது. தலையாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, திக்கற்றவனுக்கும் விதவைக்கும் வயலில் விட்டுவைக்கச் சொன்ன 24-ஆம் அதிகாரத்தை விட்டுவிடுவது எந்தப் போதனையின்படியும் நியாயம் ஆகாது.

இன்னும் கைக்கொள்ளும் வழி

மூன்றாவது பதிலைச் சொல்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் உறுதியில் குறைவில்லை. 1863-இல் அமைப்பாக உருவான ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை சனிக்கிழமை ஓய்வுநாளை ஆசரிக்கிறது, லேவியராகமம் 11-இன் அசுத்த உணவுகளை விலக்குகிறது. அவர்களும் பலிகளும் விருத்தசேதனமும் முடிந்தன என்றே சொல்கிறார்கள். ஆகவே இவர்களை "நியாயப்பிரமாணக்காரர்கள்" என்று கேலி செய்வது தவறு. முதல் வழியைக் கடைசிவரை ஒழுங்காகக் கொண்டுபோனவர்கள் என்று சொல்வதே சரி. இவர்களைத் தாண்டி, பண்டிகைகள், குஞ்சம் வைத்த ஆடை என்று எல்லாவற்றையும் மீட்க விரும்பும் குழுக்களும் இப்போது இணையத்தில் வலுவாகப் பேசுகின்றன.

இதற்கு மிகப் பழைய உதாரணம் எத்தியோப்பியாவில் இருக்கிறது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையில் ஆண்குழந்தைக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம், பன்றிக்கறி கிடையாது, சனியும் ஞாயிறும் இரண்டுமே பரிசுத்த நாட்கள். சனிக்கிழமைக்காக 14-ஆம் நூற்றாண்டில் எவோஸ்தாதேவோஸ் என்ற துறவியின் சீடர்கள் துன்பப்பட்டார்கள். கடைசியில் 1450-இல் ஸாரா யாகோப் அரசர் கூட்டிய தெப்ரே மித்மாக் சங்கத்தில் இரண்டு நாட்களும் ஏற்கப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில், 1442-இல், ரோமத் திருச்சபையின் ஃபுளோரன்ஸ் சங்கத்தின் அறிக்கை ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தொடர்ந்து ஆசரிப்பவர்களைக் கிறிஸ்துவின் விசுவாசத்துக்குப் புறம்பானவர்கள் என்றது. ஒரே விசுவாச அறிக்கையைச் சொல்லும் இரண்டு திருச்சபைகள், எட்டு ஆண்டு இடைவெளியில், நேர் எதிரான முடிவுகள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. "உலகத்தில் எந்தக் கிறிஸ்தவனும் அப்படிச் செய்வதில்லை" என்று பேசுவதையாவது நிறுத்துவோம்.

எருசலேமின் யூத விசுவாசிகள் நியாயப்பிரமாணத்துக்காக வைராக்கியமாக இருந்தார்கள் என்று அப்போஸ்தலர் 21 சொல்கிறது. பவுலே அங்கே பொருத்தனைச் சடங்குக்குச் செலவு செய்கிறார். ஆகவே கைக்கொள்வது பாவம் அல்ல. ஆனால் புறஜாதியிலிருந்து வந்த நமக்கு இதைக் கடமையாக்க முடியுமா? சுமார் 49-ஆம் ஆண்டு எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் விவாதித்ததே இந்தக் கேள்வியைத்தான். நம் பிதாக்களும் நாமும் சுமக்கக்கூடாதிருந்த நுகத்தடியைச் சீஷர்களின் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று பேதுரு கேட்டார். விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் என்று நான்கு விலக்குகளோடு கடிதம் எழுதி அனுப்பினார்கள். ஓய்வுநாள் அந்தப் பட்டியலில் இல்லை. கொலோசெயர் 2:16 ஓய்வுநாட்களைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்கிறது. என்னைப் பொறுத்தவரை, கடமை என்ற வாதம் இந்த இரண்டு இடங்களையும் தாண்டி வர முடியவில்லை. நடைமுறையிலும் ஒன்று உண்டு: யூத மரபு எண்ணும் 613 கட்டளைகளில் பல ஆலயத்தையும் ஆசாரியரையும் சார்ந்தது. ஆலயம் 70-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. ஆகவே "முழுவதையும் கைக்கொள்கிறேன்" என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அங்கேயும் பொறுக்கல் நடக்கத்தான் செய்கிறது.

லூத்தரும் பவுலும் காட்டும் வழி

நான் சாய்வது நான்காவது பக்கம். 1525-இல் விவசாயிகள் போர் நடந்த ஆண்டு, மோசேயின் சட்டத்தை ஜெர்மன் தேசத்தின்மேல் சுமத்த விரும்பிய பிரசங்கிகள் இருந்த சூழலில், மார்ட்டின் லூத்தர் மோசேயைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். சாக்ஸன் நாட்டுக்கு அதன் சட்டநூல் எப்படியோ, அப்படித்தான் யூதருக்கு மோசே. அவர் நமக்குச் சட்டம் கொடுத்தவர் அல்ல என்றார். எந்த மனிதனுடைய இருதயத்திலும் எழுதப்பட்டதோடு மோசே ஒத்துப்போகும் இடத்தில் நாம் கேட்கிறோம். மற்றபடி வாக்குத்தத்தங்களுக்காகவும் விசுவாசத்தின் முன்மாதிரிகளுக்காகவும் மோசேயை வாசிக்கிறோம். அதே பிரசங்கத்தில், கட்டாயம் இல்லாவிட்டாலும் மோசேயின் சில சட்டங்கள் மிக அழகானவை, ஆளுகிறவர்கள் எடுத்துக்கொண்டால் நல்லது என்றும் சொல்கிறார். விளைச்சலுக்கு ஏற்ப ஏறி இறங்கும் பத்தில் ஒரு பங்கு, விற்ற நிலம் ஐம்பதாம் ஆண்டில் உரியவருக்கே திரும்பும் யூபிலி ஆண்டு ஆகியவை அவர் தரும் உதாரணங்கள். 1529-இல் அவர் எழுதிய சிறு ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் போதனை நூல் ஓய்வுநாள் கற்பனையை நாள் கணக்காக விளக்கவில்லை, தேவவசனத்தை அசட்டை செய்யாமல் மகிழ்ச்சியோடு கேட்டுக் கற்பது என்று விளக்கியது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் மிஷனோடு அந்த ஞானோபதேசம் தமிழுக்கும் வந்தது.

லூத்தரிடம் நான் எடுத்துக்கொள்வது இந்த இரட்டை நிலை: கட்டாயம் இல்லை, ஆனால் கற்க வேண்டியது நிறைய. இதை அவரைவிடத் தெளிவாக 1 கொரிந்தியரில் பார்க்கலாம். ஒன்பதாம் அதிகாரம் 20-ஆம், 21-ஆம் வசனங்களில் பவுல் தன்னை நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவன் அல்ல, கிறிஸ்துவின் பிரமாணத்துக்குள்ளானவன் என்கிறார். அதே அதிகாரத்தில் 8-ஆம், 9-ஆம் வசனங்களில் "நியாயப்பிரமாணமும் இதைச் சொல்லுகிறதில்லையா?" என்று கேட்டு, போரடிக்கிற மாட்டை வாய் கட்டாயாக என்ற உபாகமம் 25:4-ஐ எடுத்து, உழைக்கிறவனுக்கு அவன் உழைப்பிலிருந்தே பங்கு சேர வேண்டும் என்று முடிக்கிறார். மாட்டுக்குச் சொன்ன சட்டத்தில் தேவன் எதைக் காக்கிறார் என்று பார்த்து, அதை மனிதனுக்குக் கொண்டுவருகிறார்.

ஐந்தாம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. கொரிந்து சபையில் ஒருவன் தன் தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டிருந்தான். லேவியராகமம் 18:8 விலக்கும் காரியம். மோசேயின் சட்டத்தில் அதற்குத் தண்டனை மரணம். பவுல் பாவத்தைப் பாவம் என்றே சொல்கிறார், சமரசம் இல்லை. தண்டனையோ மாறுகிறது. பொல்லாதவனை உங்களைவிட்டுத் தள்ளுங்கள் என்ற வரி உபாகமத்தில் கல்லெறிந்து கொல்வதோடு சேர்ந்து வரும். பவுல் கையில் அது சபை ஐக்கியத்திலிருந்து விலக்குவதாகிறது, அதுவும் அவன் ஆவி இரட்சிக்கப்படும்படிக்கு. சிலுவைக்குப் பிறகு ஒரு சட்டம் எப்படி வாசிக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

பழைய வாடகை ஒப்பந்தம் முடிந்துபோனால் அதன் நிபந்தனைகள் நம்மைக் கட்டாது. ஆனால் புதிய வீட்டுக்கும் அதே உரிமையாளர்தான் என்றால், பழைய தாளை வாசிப்பவருக்கு அவர் எதைப் பொறுப்பார், எதைப் பொறுக்கமாட்டார் என்பது தெரிந்துவிடும். நியாயப்பிரமாணத்தை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். ஒவ்வொரு கட்டளையிலும் தேவன் யாரைக் காப்பாற்றுகிறார், எதை நேசிக்கிறார் என்று கேட்பது. அதை இயேசுவின் வார்த்தை, மரணம், உயிர்த்தெழுதல் வழியாகக் கொண்டுவருவது. அப்படி வந்து சேரும் முடிவுக்குக் கீழ்ப்படிவது.

இந்த வழிக்கும் ஆபத்து உண்டு, மறைக்கக் கூடாது. சட்டத்தின் நோக்கம் என்ன என்று கேட்கத் தொடங்கினால், கெட்டிக்காரன் தனக்கு வசதியான நோக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவான். முதல் வழியில் ஒரு வேலி உண்டு, இதில் அது குறைவு. அதனால்தான் தனியாக அல்ல, சபையோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்கிறேன். வந்து சேரும் முடிவு எப்போதும் நமக்கே செலவில்லாததாக இருந்தால், வாசிப்பில் ஏதோ பிசகு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் பார்த்தால்

தசமபாகத்தை எடுத்துக்கொள்வோம், நம் சபைகளில் சூடு அதிகமான பொருள் அதுதான். மல்கியா 3:10 எல்லாருக்கும் மனப்பாடம். உபாகமம் 14:22 முதல் 29 வரை எத்தனை பேர் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்? அங்கே தானியம், திராட்சரசம், எண்ணெய் இவற்றின் பத்தில் ஒரு பங்கைக் குடும்பமே ஆலயம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், கர்த்தருக்கு முன்பாகச் சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும். தூரம் அதிகமானால் பணமாக்கிக் கொண்டுபோய் அங்கே மனம் விரும்பியதை வாங்கிச் சாப்பிடலாம். லேவியனைக் கைவிடக் கூடாது. மூன்றாம் வருடத்தின் பங்கு ஊர் வாசலிலேயே வைக்கப்பட்டு, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிட வேண்டும். எண்ணாகமம் 18-இல் லேவியருக்குப் போகும் பங்கும் உண்டு, அந்த லேவியருக்கோ தேசத்தில் நிலச் சுதந்தரம் கிடையாது. முழுவதையும் வாசித்தால், இதில் விருந்து இருக்கிறது, ஊழியருக்கு ஆதரவு இருக்கிறது, ஏழைக்கு உரிமைப் பங்கு இருக்கிறது.

முதல் வழிக்காரருக்கு இது சடங்கா நீதிச் சட்டமா ஒழுக்கமா என்பதே குழப்பம். இரண்டாம் வழிக்காரர் 2 கொரிந்தியர் 9:7-ஐக் காட்டி, விசனமாயுமல்ல கட்டாயமாயுமல்ல, மனதில் நியமித்தபடி கொடு என்பார். அது சரியான வசனம்தான், ஆனால் பலருக்கு மனதில் நியமிப்பது நூறு ரூபாயில் நின்றுவிடுகிறது. நான் வந்து சேர்ந்த இடம் இது: பத்து சதவீதம் உங்களைக் கட்டும் சட்டம் அல்ல. கடனில் மூழ்கிய குடும்பத்தை "தேவனை வஞ்சிக்கிறாய்" என்று பயமுறுத்திப் பணம் வாங்குவது அந்தச் சட்டத்தின் மனதுக்கே எதிரானது. மூன்றாம் வருடத்தில் அந்தக் குடும்பத்துக்குத்தான் பங்கு வந்திருக்கும். அதேசமயம் வசதியுள்ள விசுவாசி பத்தில் ஒன்றைக்கூடக் கொடுக்காமல் கிருபையைக் காரணம் காட்டுவதும் எடுபடாது. கொடுக்கிற சபை, விதவைக்கும் திக்கற்றவருக்கும் எவ்வளவு போகிறது என்று கணக்கைத் திறந்து காட்ட வேண்டும் என்று கேட்பதும் உபாகமம் 14-ஐக் கைக்கொள்வதுதான்.

இரத்தம் சாப்பிடுவது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் அப்போஸ்தலர் 15-இன் பட்டியலில் இருக்கிறது. கிழக்கத்திய சபை 692-இல் கூடிய த்ருல்லோ சங்கத்தின் 67-ஆம் விதியில் இதை மறுபடி தடை செய்தது. மேற்கத்திய சபையிலோ, 4-5-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஆயர் அகுஸ்தீன் காலத்திலேயே, யூதரும் புறஜாதியாரும் ஒரே பந்தியில் உட்காரத் தொடங்கிய அந்தக் காலத்துக்குரிய ஏற்பாடு இது என்ற விளக்கம் வந்துவிட்டது. நான் அகுஸ்தீன் பக்கம். ஆனாலும் ரத்தப் பொரியலை வேண்டாம் என்று சொல்லும் பாட்டியிடம் வாதம் செய்யத் தேவையில்லை. ரோமர் 14 இதற்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கிறது.

திருமண உறவுகளைப் பற்றி ஒரு சின்ன இடைக்குறிப்பு. லேவியராகமம் 18 மாமன் மகள், அத்தை மகள் திருமணத்தைத் தடை செய்யவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமோ அதற்கு ஆயரின் சிறப்பு அனுமதி கேட்கிறது. சபைகளின் விதிகள் எல்லாமே மோசேயிலிருந்து வந்தவை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நம் சபைகளில் எனக்கு அதிகம் வலிப்பது கூலி. "கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்கிறது லேவியராகமம் 19:13. யாக்கோபு 5:4 அதையே எடுத்து, பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது. வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு மாதச் சம்பளத்தை எட்டாம் தேதிவரை இழுப்பது, கட்டட வேலைக்கு வந்தவரிடம் "ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பார்க்க மாட்டேன், நாளைக்கு வா" என்று பக்தியோடு சொல்லி அனுப்புவது, இதெல்லாம் ஓய்வுநாளை ஒழுங்காக ஆசரிக்கும் குடும்பங்களிலும் நடக்கிறது. உபாகமம் 24:6 திரிகைக் கல்லை அடகு வாங்காதே, அது உயிரை அடகு வாங்குவது என்கிறது. ஒருவரின் தையல் மெஷினையோ ஆட்டோவின் ஆர்சி புத்தகத்தையோ பிடித்து வைத்துக்கொண்டு வட்டிக்கு விடும் விசுவாசி, பன்றிக்கறி சாப்பிடாமல் இருந்து என்ன? கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் வந்தது. அந்த அரசுச் சட்டத்துக்குப் பயந்து நிறுத்துவதற்கு முன்னால் உபாகமத்துக்கு வெட்கப்பட்டு நிறுத்தியிருக்கலாம்.

உபாகமம் 22:8-ஐயும் பாருங்கள்: புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் விழுகிறவனுடைய இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். மொட்டை மாடியில் துணி காயப்போடும், வெயிலில் வற்றல் போடும், பிள்ளைகள் பட்டம் விடும் நம் ஊருக்கு இந்த வசனத்தை விளக்கவே வேண்டாம். வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கைகூட நீதிச் சட்டங்களில் பொதுவான நியாயம் தங்கியிருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் முதல் வழியும் நான்காம் வழியும் ஏறக்குறைய கைகோத்துவிடுகின்றன.

அப்படியானால் எந்தச் சபையை விட்டு எந்தச் சபைக்குப் போவது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாகப் பிரிக்கும் சபையில் இருப்பவர் அங்கேயே இருந்து, முடிந்தவை என்று ஒதுக்கிய நீதிச் சட்டங்களை மறுபடி திறக்கலாம். எல்லாம் முடிந்தது என்னும் சபையில் இருப்பவர், வாக்குத்தத்தம் எடுக்கும் அதிகாரத்தையே முழுவதும் வாசிக்கும் பழக்கத்தைக் கொண்டுவரலாம். சனிக்கிழமையை ஆசரிக்கும் நண்பர் இருந்தால், அவர் கர்த்தருக்கென்று ஆசரிக்கிறார் என்று ரோமர் 14:6 சொல்வதை நம்பலாம். அவர் உங்களுக்கு அதைக் கடமையாக்கினால் மட்டும் அப்போஸ்தலர் 15-ஐத் திறந்து வைத்துப் பேசலாம்.

ஒரு வீட்டுக் கூட்டமோ வாலிபர் கூட்டமோ இதை எடுத்துப் படிக்க விரும்பினால், லேவியராகமம் 19-ஐயும் யாக்கோபு நிருபத்தையும் சேர்த்து வைத்துத் தொடங்குங்கள். பட்சபாதம், கூலி, புறங்கூறுதல், பிறனிடத்தில் அன்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக அந்த அதிகாரம் நிருபத்தில் திரும்ப வருவது தெரியும். யாக்கோபு எவற்றை எடுத்துக்கொண்டார், எவற்றை விட்டுவிட்டார் என்று குறித்துக்கொண்டே போங்கள். அப்புறம் யாத்திராகமம் 21 முதல் 23, உபாகமம் 14, 15, 22 முதல் 25. வாரத்துக்கு ஓர் அதிகாரம் போதும். ஒவ்வொரு வாரமும் முடிக்கும்போது, இதில் நம்மில் யாருக்காவது கொடுக்க வேண்டிய பாக்கி இருக்கிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.